முள் ஏறாத வண்டி

எடமலைப்பட்டி புதூர், திருச்சி
10 நவம்பர் 2024

அன்புள்ள ஜெஸ்லின் அக்காவுக்கு,

உன் தங்கை பிரமிளா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் குழந்தை இளவேனிலும் இருக்கிறோம். அவரும் சுகம். குன்னூரில் குளிர் ஆரம்பித்திருக்குமே, உன் முழங்கால் எப்படி இருக்கிறது? உங்கள் மதருக்கும் என் வணக்கம். இதை அவர்கள் படித்துவிட்டுத்தான் உன்னிடம் தருவார்கள் என்று தெரியும்.

மடத்துக்குப் போகும்போது நீ எனக்கு விட்டுவிட்டுப் போன ஜென் காரைப் பற்றித்தான் கேட்க வேண்டும். சிரிக்காதே. பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் நடத்தின ஆளே ஜெபமாலையும் கையுமாக உட்கார்ந்துவிட்டால் நான் வேறு யாரிடம் போவேன்?

இந்தக் கோடையில் காவிரிப் பாலத்தில் டிராஃபிக்கில் நிற்கும்போதெல்லாம் வண்டி கொதித்தது. மெக்கானிக் மருதையிடம் விட்டேன். ஏதோ ஒரு வால்வைக் கழற்றிக் கையில் கொடுத்தார். "இந்த ஊரு வெயிலுக்கு இது எதுக்கும்மா? தூக்கிப் போடுங்க, இனிமே முள்ளு ஏறவே ஏறாது" என்றார். உண்மைதான், ஹீட் காட்டும் முள் அடியிலேயே படுத்துக் கிடக்கிறது. ஆனால் கூலன்ட் குறைந்துகொண்டே போகிறது. கீழே ஒரு சொட்டு ஈரம் கிடையாது. எங்கே போகிறதென்றே தெரியவில்லை. பெட்ரோல் வாடை வேறு. பின்னால் சுவரில் கரி பிடிக்கிறது.

இளாவுக்குச் சாயங்காலமானால் தலைவலி. கண்ணாடி போட்டுப் பார்த்தோம், குறையவில்லை.

அக்கா, இந்த வண்டி மலை ஏறுமா? சும்மாதான் கேட்கிறேன்.

உன் பிரமி

குன்னூர்
20 நவம்பர் 2024

பிரியமுள்ள பிரமிக்கு,

கர்த்தர் உங்கள் மூன்று பேரையும் காக்கட்டும். என் முழங்கால் என் பேச்சைக் கேட்பதில்லை, மற்றபடி சுகம். பூசைக்கு அப்பம் சுடும் வேலை எனக்குத்தான், அதனால் அடுப்பு மேடையில் குளிர் தெரிவதில்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். மருதை கழற்றியது தெர்மோஸ்டாட். அது இல்லாவிட்டால் எஞ்சின் சூடே ஏறாது. சூடு ஏறாவிட்டால் உள்ளே இருக்கும் சென்சார், "இன்னும் குளிருது, இன்னும் கொஞ்சம் பெட்ரோல் ஊத்து" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். விடியற்காலையில் ஸ்டார்ட் பண்ணும் வண்டி குடிக்கிற பெட்ரோலை உன் வண்டி நாள் முழுக்கக் குடிக்கிறது. வாடையும் கரியும் அதனால்தான். புது வால்வு வாங்கிப் போடச் சொல். நம் ஊர் மெக்கானிக்குகள் அத்தனை பேருக்கும் இந்த ஒரு கெட்ட பழக்கம்.

முள்ளை நம்பாதே. தண்ணீர் ரொம்பக் குறைந்து சென்சார் காற்றில் நின்றாலும் முள் அடியில்தான் கிடக்கும். எஞ்சின் வெந்துகொண்டிருக்கும், அது உனக்குக் குளிர்ச்சி காட்டும்.

கூலன்ட் எங்கே போகிறதென்று பார். காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திற. ஹோஸ் முனைகளில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா? முன்சீட்டுக்குக் கீழே விரிப்பு ஈரமா? ஆயில் மூடியின் அடியில் பால் போல ஏதாவது ஒட்டியிருக்கிறதா? மூன்றையும் பார்த்து எழுது.

டிசம்பர் முதல் ஞாயிறிலிருந்து கிறிஸ்துமஸ் வரை இங்கே கடிதம் எழுதவும் கூடாது, வாங்கவும் கூடாது. தவக்காலத்திலும் அப்படித்தான். அதற்குள் எழுது.

மலை ஏறுமா என்று ஏன் கேட்டாய்? நீ சும்மா எதையும் கேட்க மாட்டாயே.

உன் அக்கா ஜெஸ்லின்

எடமலைப்பட்டி புதூர்
27 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டு சந்தோஷம். நாங்கள் சுகம்.

விரிப்பு காய்ந்துதான் இருக்கிறது. ஆயில் மூடியில் பால் இல்லை. எஞ்சினுக்குப் பின்னால், கை நுழையாத இடத்தில் ஒரு ஹோஸ் போகிறதே, அதன் கிளிப்பில் மட்டும் பச்சையாகப் பூத்திருக்கிறது. பானெட்டைத் திறந்தால் வெல்லப்பாகு மாதிரி ஒரு வாசனை. வால்வை மறுபடி போடச் சொன்னேன். மருதை ஒத்துக்கொள்ளவில்லை. "போட்டா திரும்பவும் கொதிக்கும், அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க டீச்சர்" என்கிறார்.

இளா நேற்றுச் சாயங்காலம் வாந்தி எடுத்தாள். காலையில் பள்ளிக்கூடத்தில் நன்றாக ஓடி ஆடுகிறாள், சாயங்காலம் வாடிப் போகிறாள்.

இனிமேல் ஸ்ரீரங்கத்தில் என் பள்ளி விலாசத்துக்கே எழுது, தமிழ் டீச்சர் வள்ளிக்கண்ணு பேருக்கு. நல்ல மாதிரி. இங்கே தபால்காரர் கண்ட இடத்தில் போட்டுவிட்டுப் போகிறார்.

வண்டியைத் தவிர வேறெதுவும் எழுதாதே, அக்கா. மூட்டுவலியைப் பற்றி எழுது. மலையைப் பற்றி வேண்டாம்.

பிரமி

குன்னூர்
26 டிசம்பர் 2024

பிரியமுள்ள பிரமிக்கு,

பிறந்த பாலனின் சமாதானம் உன்னோடும் குழந்தையோடும் இருக்கட்டும். நேற்று உன் கடிதத்தைக் கையில் வாங்கினேன், கேக்கு இறங்கவில்லை. தபால்காரரைக் குறை சொல்கிறாய். உன் வீட்டு விலாசத்துக்கு நான் ஒன்பது வருஷமாக எழுதுகிறேன், ஒன்று தவறியதில்லை. சரி, கேட்கவில்லை.

வண்டிக்கு வருகிறேன். அந்தக் கிளிப்பில்தான் ஓட்டை. அதற்கு நேர் கீழே புகைக்குழாய் எஞ்சினோடு சேரும் இடம். சொட்டுகிற கூலன்ட் சூட்டில் ஆவியாகிவிடுகிறது, அதனால்தான் தரையில் ஈரமில்லை. எனக்குக் கவலை அது இல்லை. காய்ந்த இரும்பின்மேல் நாள்கணக்கில் தண்ணீர் சொட்டினால் இரும்பு விரிசல் விடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'புஸ் புஸ்' என்று சத்தம் வருகிறதா, கேள். பிளக்குகளைக் கழற்றச் சொல்லி நிறத்தைப் பார்.

இளாவின் தலைவலி எப்போது வருகிறது? வண்டியில் ஏறுவதற்கு முன்னாலா, இறங்கின பிறகா? ஞாயிற்றுக்கிழமை வருகிறதா? இதற்குக் கட்டாயம் பதில் வேண்டும்.

மாப்பிள்ளை ஸ்டீபன்ராஜுக்கு என் விசாரிப்பு. நீ "அவரும் சுகம்" என்று எழுதுவதையும் போன கடிதத்தில் விட்டுவிட்டாய்.

ஜெஸ்லின்

குன்னூர்
30 ஜனவரி 2025

பிரமி,

பொங்கல் வாழ்த்து. என் முழங்கால் பரவாயில்லை. உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. கோபமா? வண்டியைப் பற்றி மட்டும் எழுதினாலும் போதும். மதர் என்னைப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், அப்பமெல்லாம் கருகுது" என்கிறார்கள். எழுது, தாயே.

ஜெஸ்லின்

ஸ்ரீரங்கம்
26 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கோபமெல்லாம் இல்லை. கை சரியில்லாமல் இருந்தது, வலது கை. கட்டுப் போட்டிருந்ததால் எழுத முடியவில்லை. இப்போது பிரித்துவிட்டார்கள். நீ எப்படி இருக்கிறாய்?

'புஸ் புஸ்' சத்தம் வருகிறது. காலையில் வரும், சூடானதும் குறையும். பிளக்குகள் நாலும் அடுப்புக்கரி, தொட்டால் கையெல்லாம் மை. மருதையே பயந்துவிட்டார். நான் ஊற்றுகிற பெட்ரோலுக்கும் மீட்டரில் ஓடியிருக்கிற தூரத்துக்கும் சம்பந்தமே இல்லையாம். "பெட்ரோல யாராச்சும் திருடுறாங்களா டீச்சர்?" என்று கேட்டார்.

இளாவுக்கு வண்டியில் உட்கார்ந்த பிறகுதான் தலைவலி. ஞாயிறு பூசைக்குப் பஸ்ஸில் போவோம், அன்றைக்கு ஒன்றும் இல்லை. எனக்கும் அப்படித்தான் அக்கா. வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே பின்சீட்டில் தூங்கிவிடுகிறாள். எழுப்பினால் சட்டென்று எழுந்திருப்பதில்லை. நான் குழந்தை களைத்துப் போயிருக்கிறாள் என்று விட்டுவிடுவேன்.

மே மாத லீவுக்குள் வண்டியை எப்படியாவது சரிசெய்ய வேண்டும். அதுதான் என் ஒரே வேண்டுதல்.

பிரமி

குன்னூர்
4 மார்ச் 2025

பிரமி,

உன் கடிதம் மத்தியானம்தான் கைக்கு வந்தது. நாளை சாம்பல் புதன், தவக்காலம் ஆரம்பம். இதுதான் நான் எழுதக்கூடிய கடைசிக் கடிதம், ஈஸ்டர் வரைக்கும். அதனால் நலம் விசாரிக்கவில்லை.

வீட்டுப்பாடமா? உன் பள்ளியிலிருந்து வீட்டுக்கு வரும் நேரத்தில் ஒரு குழந்தை வீட்டுப்பாடம் எழுதி முடித்துத் தூங்கவும் முடியுமா? ஓடுகிற வண்டியில் இவ்வளவு கரி படியாது. மீட்டர் நகராமல் பெட்ரோல் தீர்கிறது. யாரும் திருடவில்லை. நீ வண்டியை எங்கோ நிறுத்திவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, குழந்தையோடு உள்ளே உட்கார்ந்திருக்கிறாய். கண்ணாடி ஏற்றி, ஏ.சி. போட்டு. ஆமா இல்லையா?

கேள். பெட்ரோல் அதிகமாகக் குடிக்கிற எஞ்சின் விடும் புகையில் விஷம் பல மடங்கு. அந்த விஷத்துக்கு வாசனை கிடையாது. புகைக்குழாயில் விரிசல். ஏ.சி. காற்றை இழுக்கும் துவாரம் பானெட்டுக்கு ஒட்டினாற்போல இருக்கிறது. நின்ற வண்டியில் அத்தனையும் உள்ளேதான் வரும். இளாவுக்கு வருவது தூக்கம் இல்லை. மயக்கம் வருகிறது.

கண்ணாடியை இறக்கு. எஞ்சினை நிறுத்து. இன்றைக்கே.

யாருக்குப் பயந்து அங்கே உட்கார்ந்திருக்கிறாய்? உன் கையை யார் உடைத்தது? மதர் படித்தால் படிக்கட்டும்.

ஜெஸ்லின்

ஸ்ரீரங்கம்
12 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இது உன் கைக்கு எப்போது வருமோ. இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. வள்ளிக்கண்ணு டீச்சர் வகுப்பில் இருக்கிறார், நான் ஸ்டாஃப் ரூமில் தனியாக.

நீ கேட்டாயே, இளாவின் அப்பாதான். ஆரம்பத்தில் போனை வாங்கிப் பார்ப்பார். பிறகு போனைத் தானே வைத்துக்கொண்டார். உன் கடிதங்களை எனக்கு முன்னால் பிரித்துப் படிப்பார். தினமும் வண்டியின் கிலோமீட்டரைப் பார்ப்பார். வீடும் பள்ளியும் போக ஒரு கிலோமீட்டர் கூட இருந்தாலும், "எவனப் பாக்கப் போன?" என்று கதவைச் சாத்துவார். கை ஜனவரியில். வெளியே யாரிடமும் உரத்துப் பேச மாட்டார். கோயிலில் பாட்டுக்குழுவில் முதல் வரிசையில் நிற்கிறார்.

சாயங்காலம் அவர் துவாக்குடிக்கு ஷிப்டுக்குக் கிளம்பும்வரை வீட்டுக்குப் போக எனக்கும் இளாவுக்கும் பயம். ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லியிருக்கிறேன். பள்ளியைப் பூட்டிவிடுவார்கள். அதனால் பள்ளிக்குப் பக்கத்திலேயே அம்மா மண்டபத்து ரோட்டில், மரத்தடியில் வண்டியை நிறுத்திக்கொள்வோம். நின்றால் மீட்டர் ஓடாதே. உள்ளே பூட்டிக்கொள்ள எனக்கு அந்த ஒரு இடம்தான் இருந்தது, அக்கா.

நீ எழுதினபடி கண்ணாடியை இறக்கினேன். எஞ்சினையும் நிறுத்தினேன். மூன்றாம் நாளே அவருடைய சிநேகிதர் ஒருவர் குனிந்து, "என்ன டீச்சர், இங்க உக்காந்திருக்கீங்க?" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. மறுபடி கண்ணாடியை ஏற்றித் துணி மாட்டிவிட்டேன். உள்ளே வெந்துவிடுகிறது, ஏ.சி. இல்லாமல் குழந்தை அழுகிறாள். கொஞ்ச நேரம் போடுகிறேன், நிறுத்துகிறேன். எதற்கு முதலில் பயப்படுவதென்று தெரியவில்லை.

மே மாதம் இளாவைக் கூட்டிக்கொண்டு உன்னிடம் வந்துவிடலாம் என்றுதான் மலை ஏறுமா என்று கேட்டேன்.

பிரமி

குன்னூர்
24 மார்ச் 2025

பிரமி,

உன் கடிதம் பத்து நாளாக மதரின் மேசையில் கிடந்தது. துடைக்கப் போகும்போதெல்லாம் உன் கையெழுத்து தெரிந்தது. மடத்துக்குக் கொடுத்த வார்த்தைப்பாடு என்று என்னை நானே அடக்கிக்கொண்டேன். இரவெல்லாம் இளா எழுந்திருக்காத மாதிரியே கனவு. இன்று காலை முழங்காலில் விழுந்து, "மதர், இத நான் படிக்கலேன்னா ரெண்டு உசுரு போயிடும்" என்றேன். அவர்களே உறையைக் கிழித்துக் கொடுத்தார்கள். படிக்கும்வரை என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

மடத்துப் போனில் உன் எண்ணுக்குப் போட்டோம். அவர் எடுத்தார். "அக்காவா? தோத்திரம்க்கா. பிரமி குளிக்கிறா, அப்புறம் பேசச் சொல்றேன்" என்றார், அவ்வளவு மரியாதையாக. நீ பள்ளியில் பாடம் நடத்துகிற நேரம் அது. உடனே பள்ளிக்குப் போட்டுப் பார்த்தோம். பள்ளியின் பழைய எண் உபயோகத்தில் இல்லை. பங்குக் கோயிலிலிருந்து அப்பம் எடுக்க வந்த பிரிட்டோ தன் போனில் தேடியும் புது எண் கிடைக்கவில்லை. இதை அவரிடமே கொடுத்து ஸ்பீடு போஸ்ட்டில் போடச் சொல்கிறேன். உறைமேல், "வள்ளிக்கண்ணு டீச்சர் உடனே பிரித்துப் படிக்கவும்" என்று எழுதியிருக்கிறேன். டீச்சர், நீங்கள் படிப்பதாக இருந்தால் தயவுசெய்து இப்போதே அம்மா மண்டபத்து ரோட்டுக்குப் போங்கள்.

பிரமி, வால்வு வேண்டாம், ஹோஸ் வேண்டாம், பிளக் வேண்டாம். அந்த வண்டியை நான் இத்தனை மாதம் சரிசெய்யச் சொன்னதே தப்பு. இருக்கிற இடத்திலேயே விட்டுவிட்டு இறங்கு. குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறு.

ஜெஸ்லின்

ஸ்ரீரங்கம்
28 மார்ச் 2025

மதிப்பிற்குரிய சிஸ்டர் அவர்களுக்கு,

வள்ளிக்கண்ணு எழுதுகிறேன். முதலில் ஒன்று. இருவரும் உயிரோடு இருக்கிறார்கள். இனி நிதானமாகப் படியுங்கள்.

உங்கள் கடிதம் நேற்றுப் பள்ளி விடும் நேரத்தில் வந்தது. அடுத்தவர் கடிதத்தைப் படிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. உறைமேல் எழுதியிருந்ததால் பிரித்தேன். பிறர் வீட்டு விவகாரம் என்று இத்தனை நாள் அந்தக் கட்டுப்போட்ட கையைப் பார்த்தும் பார்க்காமல் இருந்தேன், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். பிரமிளா அதற்குள் கிளம்பியிருந்தார். ஓடினேன், சிஸ்டர். இந்த உடம்பை வைத்துக்கொண்டு எப்படி ஓடினேனோ.

வண்டி மரத்தடியில் உறுமிக்கொண்டு நின்றது. கண்ணாடியில் துணி. தட்டினேன், பதில் இல்லை. "டீச்சர்! பிரமிளா டீச்சர்!" என்று கத்தினேன். தேங்காய்க் கடைக்காரர் அரிவாளைத் திருப்பிப் பிடித்துப் பின்கண்ணாடியை உடைத்தார். இளா மடியில் நோட்டோடு சரிந்து கிடந்தாள், தூக்கினால் தலை நிற்கவில்லை. பிரமிளா கண்ணைத் திறந்து, "மணியாச்சா? அவர் போயிட்டாரா?" என்று கேட்டார். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் இருவருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் ஆகியிருந்தால் குழந்தை இல்லை என்றார் டாக்டர். இன்று காலை இளா என்னைப் பார்த்து, "மிஸ், இன்னிக்கு ஸ்கூல் லீவா?" என்றாள். மகளிர் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டோம். என் வீட்டு மாடி காலியாகத்தான் இருக்கிறது. அங்கே இருப்பார்கள்.

உங்கள் ஜெபம் எங்களுக்கும் வேண்டும்.

வள்ளிக்கண்ணு

ஸ்ரீரங்கம்
22 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உயிர்த்த ஆண்டவர் திருநாள் வாழ்த்து. மதர் கையைப் பிடித்து முத்தி செய்தேன் என்று சொல். எனக்கு நடக்கும்போது இன்னும் கொஞ்சம் தள்ளாடுகிறது. இளாவுக்குத் தலைவலி அடியோடு போய்விட்டது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் படிக்கிறாள்.

நேற்று அவர் வந்தார். போலீஸில் தேதி போட்டு விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், அதற்கு முன்னால் சமாதானம் பேசவாம். தெருவில் ஹாரன் சத்தம். எட்டிப் பார்த்தால் நம் ஜென். கழுவித் துடைத்துப் பளபளவென்று நிற்கிறது, பின்கண்ணாடி புதுசு. இறங்கி, மாடியைப் பார்த்துக் கை கூப்பினார். "பிரமி, நீ சொன்னதெல்லாம் பண்ணிட்டேன். புது வால்வு, புது ஹோஸு, அடியில புகைக்குழாயே புதுசு. சத்தம் கேக்குதா பாரு. இனிமே பாப்பாவுக்குத் தலவலி வராது. வா, வீட்டுக்குப் போவோம்" என்றார்.

ஸ்டார்ட் செய்து காட்டினார். உண்மைதான், அக்கா. 'புஸ்' சத்தம் இல்லை, புகை இல்லை, பெட்ரோல் வாடை இல்லை. நீ ஓட்டின காலத்தில் இருந்த மாதிரியே இருந்தது. இத்தனை மாதமாக நான் கெஞ்சின அத்தனையையும் ஒரே வாரத்தில் செய்து கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். தெருவே வேடிக்கை பார்த்தது. "பாவம், மனுசன் திருந்திட்டான்" என்று எதிர்வீட்டு அம்மா காதுபடச் சொன்னார்.

இளாவோடு படியிறங்கி வண்டிக்குப் பக்கத்தில் போனேன். வள்ளிக்கண்ணு டீச்சர் பின்னால் வந்து நின்றார். இளா என் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். திறந்த கதவு வழியாகப் பார்த்தேன். பழைய பழக்கம், கண் தானாக மீட்டருக்குப் போனது. பக்கத்திலேயே, கண்ணாடிக்குக் கீழே ஒரு சின்னத் துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. பட்டறையிலிருந்து எடுத்தபோது எத்தனை கிலோமீட்டர் என்று அவர் கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார்.

நான் ஏறவில்லை.

உன் பிரமி